கத்தி விற்கும் கடைக்காரர்களுக்கு, காசிமேட்டிலிருந்து

பாரிமுனை, ராயபுரம், காசிமேடு பக்கம் ஹார்டுவேர் கடையும் வலைச் சாமான் கடையும் நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் சேட்டுகளுக்கும் பாய்மார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். விசைப்படகில் வேலை செய்யும் என் மச்சானுக்கு, கயிறு அறுக்கும்போது மடக்குக் கத்தி மடங்கி ஆள்காட்டி விரல் கிழிந்தது. எந்தக் கடையில் வாங்கியது என்று எழுதப் போவதில்லை. கேட்பது இதுதான்: பெட்டியைப் பிரித்துக் கத்தியைத் திறந்து பார்க்க விடுங்கள், என்ன ஸ்டீல் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

அந்தக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு பெயின்ட், மண்டை ஓட்டுப் படம், மிரட்டலுக்குக் குறைவில்லை. உள்ளே இருப்பது லைனர் லாக். கத்தியைத் திறந்ததும் கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். இதில் தகடு காகிதக் கனம்தான், அலகின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இறுகிப்போன நைலான் கயிற்றை நேராகவா அறுக்க முடியும்? முறுக்கித்தான் இழுக்க வேண்டும். முறுக்கினால் தகடு நழுவுகிறது, அலகு விரல்மேல் விழுகிறது. வாங்கும்போதே திறந்து, அலகின் முதுகை மரக்கட்டையில் லேசாகத் தட்டியிருந்தால் கடையிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் "பிரிச்சா எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

தையல் போட்ட கையோடு ஐஸ் அள்ள முடியாது, உப்புத் தண்ணீரில் வைக்க முடியாது. கடலுக்குப் போகாதவனுக்குப் பங்கும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. சும்மா இருக்க மனமில்லாமல் வலை தைக்க உட்கார்கிறான். விரல் மடங்காததால் ஊசி நழுவி நழுவி விழுகிறது.

அப்புறம் ஸ்டீல். மலிவு விலையில் டி2 என்ற ஸ்டீல் வகையில் கத்திகள் இப்போது நிறைய வருகின்றன. கூர் நன்றாக நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. உப்புத் தண்ணீர் பட்டதைத் துடைக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். கடலுக்குப் போகிறவனிடம் அதைத் "துருவே பிடிக்காது" என்று விற்கலாமா? எங்களுக்கு 12சி27, 14சி28என் போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள் போதும். கூர் போனால் கல்லில் நாங்களே தீட்டிக்கொள்வோம். பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் இருக்கும் வளையப் பூட்டு (வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது) எளிமையானது, நம்பலாம். ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், அது கரை வேலைக்குத்தான் சரி. படகுக்கு நைலான் பிடியும் முதுகுப் பக்கம் பூட்டும் உள்ளதாக வாங்கி வையுங்கள்.

பில் ஏன் கேட்கிறேன் என்றால், வடசென்னைக்காரன் பாக்கெட்டில் கத்தி இருந்தாலே வேறு கதை ஆகிவிடுகிறது. சினிமாக்காரர்கள் புண்ணியம். விடியற்காலையில் போலீஸ்காரர்கள் வண்டியை மடக்கி, கத்தி எதற்கு என்று கேட்கிறார்கள். வலையை அறுக்கப் பேனாவா கொண்டுபோக முடியும்? ஆயுத விதிகள் ஆயுதம் என்று சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான். அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. எங்கள் கத்தி மூன்றரை அங்குலம். இதை ரோட்டில் நின்று விளக்குவதைவிட ஒரு பில்லை நீட்டுவது சுலபம். நீங்களோ துண்டுச் சீட்டுகூடத் தருவதில்லை.

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது. கல்லாப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை போட்டு வையுங்கள், அறுத்துப் பார்க்கப் பழைய கயிறு நாங்கள் கொண்டுவந்து தருகிறோம். நல்ல கத்திக்கு நூறு இருநூறு கூடக் கேட்டாலும் கொடுப்போம். தயவுசெய்து திறந்து பார்க்க விடுங்கள், ஸ்டீல் பெயரைப் பில்லில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டுப் படகுத் தொழிலாளி ஒருவன்