மறதி நோயாளர் வீடுகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் கண்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களின் சார்பில் எழுதுகிறோம்.

முதல் நன்றி கிளினிக் செவிலியர்களுக்கு. இரண்டே நாளில் ஒரு பாட்டி ஆளடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கினால், நோய் முற்றிவிட்டது என்று கைவிடாமல் சிறுநீரைச் சோதித்தீர்கள். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் நகரும். திடீர்க் குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், புது மாத்திரை என்று வேறு காரணம் இருக்கும். பார்த்துச் சரிசெய்தால் பலர் தெளிகிறார்கள். பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும் என்று அந்த இரத்தச் சோதனைகளையும் விடாமல் எழுதித் தந்தீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும் என்ற உங்கள் எச்சரிக்கை பல வீடுகளுக்கு உதவியது.

அண்டை வீட்டாருக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது! பொழுது சாயும் நேரத்தில் சொந்த வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பவரிடம் "இதுதான் ஆயா உங்க வீடு" என்று வாதாடினால் பயம்தான் கூடும். "வாங்க ஆயா, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றீர்கள். அவர் தேடும் வீடு டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்திருக்கலாம். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிகள் சட்டத்தால் 1960களில் அங்கிருந்தவர்களை இங்கே குடியேற்றினார்கள். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு வருகிறது, கேட்டைப் பிடித்த கை தானே தளர்கிறது.

பலருக்குப் பின்னால் படித்த இங்கிலீஷ் முதலில் நழுவுகிறது, பால்யத்துத் தமிழ் தங்குகிறது. அவர்களோடு உட்கார்ந்து தேவாரம் சொல்லும் கோயில் தமிழாசிரியர்களை வணங்குகிறோம்.

மின்வெட்டில் நிழல்கூட ஆளாகத் தெரிந்து மிரட்டும். இருட்டுமுன் எரியும்படி சார்ஜ் விளக்கு மாட்டிக் கொடுத்த பிள்ளைகளே, நன்றி. வெள்ளைத் தட்டில் சோறு கண்ணுக்குப் படாது என்று நீலத் தட்டுகள் வாங்கித் தந்தவர்களுக்கும்.

முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரத் துணை வேண்டுமென்றால் கூடுதல் தொகை கேட்கலாம் என்று படிவம் நிரப்பித் தந்தீர்கள், சமூகப் பணியாளர்களே. வழக்கறிஞர் நண்பர்களே, இந்நாட்டில் ஒருவர் புத்தித் தெளிவை இழந்ததும் அவர் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியும் செல்லாமல் போகும் என்பதைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொன்னீர்கள். 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர் சொத்தைக் கவனிக்க ஒரு நிர்வாகியை நியமிக்க மனுப் போடவும் கூடவே வந்தீர்கள், கட்டணம் வாங்காமல்.

நன்றியுடன்,
பராமரிப்புத் தொண்டர் குழு, சாட்ஸ்வொர்த், டர்பன்