தும்பிக்கை வைத்த ‘லை’

சென்னையில் டிசைன் ஸ்டுடியோ நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ் எழுத்துரு வரைகிறவன். இதற்கென்று எங்கும் படித்ததில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு டிடிபி அடிக்க, அதாவது கணினியில் எழுத்தடித்துப் பக்கம் அடுக்கப் போனேன்.

ஒருநாள் பெண் வீட்டுப் பெரியவர் புரூஃபைத் திருப்பிக் கொடுத்தார். “ஊர்ப் பேரே தப்பா இருக்கே தம்பி, தும்பிக்கை எங்கே?” திருவண்ணாமலை என்று சரியாகத்தான் அடித்திருந்தேன். அவர் தேடியது பழைய ‘ணா’வையும், யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய ‘லை’யையும். 1978இல் அரசு மாற்றிய 13 எழுத்துகளில் இரண்டு அந்த ஒரே ஊர்ப் பேரில் இருக்கின்றன. எங்கள் கணினியில் பழைய வடிவம் கிடையாது. “எதையாவது சொல்லிச் சமாளி” என்றார் முதலாளி. எனக்கு மனசு வரவில்லை. இரவு 11 மணிவரை கோரல்டிரா என்ற வரையும் மென்பொருளில் உட்கார்ந்து இரண்டையும் வரைந்தேன். தும்பிக்கை முதலில் பாம்பு மாதிரி வந்தது. மறுநாள் பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, “இதான்” என்றார். பாராட்டெல்லாம் இல்லை.

மற்றதும் அங்கே கற்றதுதான். நீளமான பேரை ஒரே வரியில் அடக்க எழுத்தை நெருக்கினால் நிற்கும் கோடு மெலியும், படுத்த கோடு அப்படியே தடித்து நிற்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தங்க மை ‘ஞ’வின் சுழிக்குள் அடைத்துக்கொள்ளும். சுழியை எவ்வளவு திறந்து வைக்கவேண்டும் என்பதை வீணான அட்டைகள்தான் சொல்லிக் கொடுத்தன.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போனேன். பேர் வேண்டாம். “எந்தக் காலேஜ்?” என்றார்கள். பையிலிருந்து பத்திரிகைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். “யாருக்குக் கல்யாணம்?” என்று சிரித்தார்கள். ஜோக் நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் வேறிடத்தில் வேலை கிடைத்தது, அது தனிக் கதை.

உங்கள் ‘ஆட்கள் தேவை’ விளம்பரத்தில் வரும் ‘டிசைன் பட்டம் கட்டாயம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். படித்து வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. கட்டம் போட்டுப் பக்கத்தை யோசிப்பதை அவர்களிடம்தான் கற்றேன். ஆனால் வருகிறவர் யாரானாலும் முதலில் ஒரு பத்தி தமிழைக் கொடுத்து, விசிட்டிங் கார்டு அளவில் அடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். வரியை எங்கே உடைக்கிறார், ‘ஸ்ரீ’ மேல்வரியில் இடிப்பதைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். காலேஜ் பேரை அதற்குப் பிறகு கேளுங்கள்.

ஆடி மாதத்தில் ஆண்டர்சன் தெருவில் வேலை குறைவு. அப்போது அங்கே டிடிபி அடிப்பவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டிடிபி ஆபரேட்டர்