பாத்ரூமில் வந்த பாம்பு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உங்கள் வீட்டு பாத்ரூமில் வந்த பாம்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றித்தான். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்றுதான் கடிதம். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் இருந்தாலே நஞ்சுள்ள கட்டுவிரியன் என்று சொல்லிவிட முடியாது. வளையம் எங்கே தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கம் மங்கி, வால்பக்கம் போகப்போக மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாகத் தெளிந்தால் கட்டுவிரியன். கழுத்துக்குப் பின்னாலேயே பட்டையாகத் தொடங்கி வால்பக்கம் மறைந்தால் வெள்ளிக்கோல் வரையன். பல்லி பிடிக்க வருவது, நஞ்சு கிடையாது. நீ அனுப்பிய படத்தில் வாளிக்குப் பின்னால் வால் மட்டும்தான் தெரிகிறது, அதில் கோடு பளிச்சென்று இருக்கிறது. அதனால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்.

மேடவாக்கத்தில் இது வந்ததில் அதிசயமில்லை. ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு, இன்னொரு பக்கம் நன்மங்கலம் காடு, நடுவில் புதர் மண்டிய காலி மனைகள். ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறியதும் பாம்பு மேடான, காய்ந்த இடத்தைத் தேடி வரும். ஃபினாயில், பூண்டு, பிளீச்சிங் பவுடர் எதுவும் அதைத் தடுக்காது. அந்தக் காசுக்கு பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஸ்டீல் ஜாலி வாங்கித் திருகிவிடு. செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாய்க்கும் வலை கட்டு. கதவுக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தாலே போதும், பாம்புக்குட்டி உள்ளே வந்துவிடும்; ரப்பர் பட்டை ஒட்டச் சொல். வீடு கட்டி மீந்த செங்கல்லைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். எலியும் தவளையும் அங்கே தங்கும், அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: யாரும் தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. தூக்கத்தில் புரளும் கை கால் மேலே பட்டால் கடித்துவிடும். நல்ல பாம்பும் கண்ணாடிவிரியனும் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுக்கும். இது கடித்தால் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று தொடங்கும். சாப்பாடு சேரவில்லை என்று சோடா குடித்துக் காத்திருப்பார்கள். பிறகு இமை தூக்க முடியாமல் சரியும், எச்சில் விழுங்க வராது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். குட்டிப்பயல் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதே அம்மா. எல்லோரும் கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், போர்வை தரையில் தொங்க வேண்டாம்.

கடித்ததாகச் சந்தேகம் வந்தாலும் உடனே 108. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடு. கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டு, நடக்க விடாதே. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான். உங்களுக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அந்த மருந்து செய்ய அவர்கள் இந்த நான்கு பாம்பின் நஞ்சையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். முதல் தடவையே 8 முதல் 10 குப்பி ஏற்றுவார்கள். மூச்சு நின்றால் வென்டிலேட்டர் வேண்டும், அதனால் சின்ன கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காதே. மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் அரசு மருத்துவமனை பக்கத்தில் எது என்று நாளைக்கே மாப்பிள்ளை நேரில் போய்க் கேட்டுவரட்டும்.

மறுபடியும் கண்ணில் பட்டால் குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, பாம்பு இருக்கும் அறையின் கதவைச் சாத்து, அடியில் ஈரத்துணியைத் திணி, 101க்குப் போன் செய். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடித்துப் போவார்கள். அடிக்கக் கிளம்பினால்தான் கை அதன் வாய்க்கு எட்டும் தூரத்துக்குப் போகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிப்பது குற்றமும்கூட.

ஜாலி வாங்கும் முன் ஓட்டையின் குறுக்களவை அளந்துகொள். கதவு இடைவெளியையும் அளந்து அனுப்பு, பட்டையை இங்கேயே வாங்கி அனுப்புகிறேன்.

அப்பா