பத்து பாகத்துக்குக் கீழே போகமாட்டேன், அம்மா

மஸ்கட்,
அக்டோபர் 24

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், இயேசுவுக்கே புகழ்.

தங்கச்சி எழுதி, கீழத்தெரு அண்ணன் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் போன வாரம் கிடைத்தது. நெத்தோலிக் கருவாட்டுப் பொதியோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் தாள் முழுக்க நம் வீட்டு முற்றத்து மணம். ஐந்து மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அப்பா சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். உண்மைதான், போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் அப்பாவுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அம்மா "சாப்பிட்டியா மக்களே" என்று கேட்டுவிட்டு இரண்டாவது நிமிஷமே அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள், அப்புறம் நான் சொல்ல வந்தது எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் இது. தங்கச்சி, அப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. நடுவில் ஒரு கடல் விஷயம் வருகிறது. அம்மா இல்லாத நேரம் பார்த்து அதை வாசிக்காதே, அம்மாவும் கூட இருந்து கேட்கட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். வெயில் இறங்கிவிட்டது, இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்க முடிகிறது. வெயில் குறைந்ததால் ஏசி வேலையும் கொஞ்சம் குறைவு, அது வருஷா வருஷம் உள்ளதுதான். காலையில் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும், இரவு நாங்களே சமைக்கிறோம். சம்பா அரிசி ரூவியில் கிடைக்கிறது, மலையாளி கடையில் மரச்சீனிக் கிழங்கும் வருகிறது. தேங்காய் அரைத்து மீன் கறி வைத்தால் மட்டும் அம்மா வைக்கிற பக்குவம் வருவதில்லை, அம்மியில் அரைக்காததாலோ என்னவோ. நெய்மீனுக்கு இங்கே கனத் என்று பேர். அப்பாவுக்கு ஒரு புதினம்: நமக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுக்குத் தடை இருப்பதுபோல இங்கே நெய்மீனுக்கு மட்டும் தனியாக ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை தடை. இப்போது தடை முடிந்து மார்க்கெட்டில் ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. நான் சாளைதான் வாங்குகிறேன், எனக்கு எப்போதும் சாளைதானே பிடிக்கும்.

அறையில் இருக்கிற பிலிப்பைன்ஸ்காரரைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா, அவரைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டும். வயது ஐம்பதுக்கு மேல். கடலுக்குள் முங்க வருகிறவர்களைக் கூட்டிப் போகும் படகில் வேலை. அவருடைய கட்டில் கம்பியில் சட்டை தொங்காது, மூச்சுக் குழாய்கள்தான் தொங்கும். தினமும் இரவில் நல்ல தண்ணீரில் அவற்றைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் வாயில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். மூன்று தடவை பார்ப்பார். சமையல் அறை கேஸ் அடுப்பையும் அப்படித்தான், மூடினதை மறுபடி மூடி, பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பிடித்து அந்தத் திருகில் வைத்து அவனையும் தொட்டுப் பார்க்க வைப்பார். முதல் மாதம் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. நீங்கள் அனுப்பிய நெத்தோலியைப் பொரித்தபோது மற்றவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள், அவர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் கருவாட்டுக்குத் துயோ என்று பேராம், காலையில் சோற்றோடு அதைத்தான் தின்பார்களாம். ஒன்றும் பேசாமல் இரண்டு பேரும் சட்டியைக் காலி செய்தோம்.

அவர்தான் எனக்கு முங்கக் கற்றுக்கொடுத்தார். காசு ஒன்றும் கொடுக்கவில்லை அம்மா, வெள்ளிக்கிழமைகளில் படகில் சாமான்களை ஏற்றி இறக்கிக் கழுவிக் கொடுக்கிறேன், அதற்குப் பதிலாக அந்தப் படகுக்காரர்கள் படிப்பையும் பரீட்சையையும் முடித்துக் கொடுத்தார்கள். முதலில் குளத்தில், பிறகு கடலில் நான்கு முங்கு. இப்போது கையில் அட்டை இருக்கிறது. 18 மீட்டர் வரை போகலாம் என்று அர்த்தம். அப்பா கணக்கில் பத்து பாகம்.

வருகிற நவம்பர் 7 வெள்ளிக்கிழமை, கற்றுக்கொள்ள அல்லாமல் சும்மா பார்க்கவென்று முதல் தடவை இறங்கப் போகிறோம், அவரும் நானும். இடம் பந்தர் கைரான். மஸ்கட்டுக்குத் தெற்கே கரையோரமாகப் படகில் போனால் மொட்டை மலை அப்படியே கடலுக்குள் இறங்கி நிற்கும். மலைகளுக்கு நடுவே கடல் விரல் விரலாக உள்ளே நுழைந்து கிடக்கும், அதற்குள் சின்னச் சின்னக் கல் தீவுகள், அலை அடங்கிய தண்ணீர். தேமானியாத் தீவுகள் என்று இன்னொரு பக்கம் ஒன்பது தீவு உண்டு, 1996-இல் இருந்து அரசாங்கக் காவலில் இருக்கிறது. அழுங்காமையும் பேராமையும் முட்டையிட வருகிற இடம் என்பதால் மே முதல் அக்டோபர் வரை அங்கே யாரும் கரையேறக் கூடாது. படகில் வருகிறவர்கள் எல்லாம் அங்கே போகத்தான் ஆசைப்படுவார்கள். அனுமதிச் சீட்டு, தூரத்து ஓட்டம் என்று அது நீளும், எனக்குக் கைரானே போதும் என்று சொல்லிவிட்டேன். கைரான் பக்கத்தில் அல் முனாசிர் என்ற பழைய கடற்படைக் கப்பலை 2003-இல் மீன் அடையட்டும் என்று அவர்களே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். அது 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, பதினாறு பாகத்துக்கு மேல். அங்கே நான் போகமாட்டேன், அதற்கு வேறு படிப்பு வேண்டும், அவரும் கூட்டிப் போகமாட்டார்.

அப்பா, கைரானில் நாங்கள் பார்க்கப் போவது பவளப்பாறை, கடலடிக் கல்லை நீங்கள் 'பார்' என்று சொல்கிறீர்களே, அதுதான். ஆனால் நம் முட்டத்துக்கு வெளியே கிடக்கிற மாதிரி வெறும் கல் இல்லை. கல்லின் மேல் உயிர் வளர்கிறது. சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பைக் கட்டிக் கட்டி, பூக்கோசு மாதிரி, மான்கொம்பு மாதிரி வளர்ந்திருக்கின்றன. கை பட்டால் செத்துவிடலாம் என்பதால் ஒருவரும் தொடக் கூடாது, எங்கள் படகு அங்கே நங்கூரம் போடாமல் மிதவையில்தான் கட்டும். படிக்கிற நாளில் ஆறு மீட்டரில் முட்டி போட்டிருந்தபோது ஒரு பொந்துக்குள்ளிருந்து பாம்பு மாதிரி அஞ்சாலை மீன் தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. செத்து வள்ளத்தில் கிடக்கிற அஞ்சாலையைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். கலவாயும் கிளாத்தியும் பக்கத்தில் வந்து நின்று போகின்றன. உங்களை நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் கயிற்றில் ஈயத்தை இறக்கி, விரலில் படுகிற அதிர்வை வைத்து இது கல், இது சேறு, இது மணல் என்று சொல்லிவிடுவீர்கள், அந்தக் கல்லை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை.

அம்மா, உங்களுக்காக மற்றதை எழுதுகிறேன், பயத்தை எனக்கும் தெரியும்.

முதுகில் கட்டுகிற சிலிண்டரில் இருப்பது ஆஸ்பத்திரி ஆக்சிஜன் இல்லை, நாம் மூச்சுவிடுகிற இதே காற்றுதான், 'பார்' என்கிற அழுத்த அளவில் 200 வரை அடைத்தது. பாதி குறைந்ததும் திரும்ப வேண்டும், 50 மீதி இருக்கும்போதே மேலே வந்து படகைப் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் போட்டிருக்கிற கணக்கு 12 மீட்டர் ஆழம், நாற்பது நிமிஷம், அதற்கு மேல் இல்லை. ஏறும்போது மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் அப்படியே நின்றுவிட்டுத்தான் தலையை வெளியே எடுப்போம். கீழே அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் அவசரமாக ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி குமிழாகிவிடும், மூட்டில் பிடித்துக்கொள்ளும், சிலருக்குக் கால் விளங்காமலும் போகும், அதற்காகத்தான் அந்த நிற்றல். இடுப்பில் கட்டுகிற எடைகூட நாம் வலையில் கட்டுகிற அதே ஈயம்தான். இறங்குவதற்கு முன்னால் அவர் சாமானை நானும் என் சாமானை அவரும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுப்புத் திருகை ஏன் தொடவைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாமா சிப்பி எடுக்க முங்கும்போது நான் கரைப்பாறையில் உட்கார்ந்து எண்ணுவேனே, நூறு, நூற்றிருபது, அம்மா திட்டிக்கொண்டே நிற்பீர்களே. மூச்சை அடக்குகிறவன்தான் நம் கடலில் கெட்டிக்காரன். இங்கே முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பது. மாமா மேலே இழுத்த மூச்சோடு கீழே போனார், அது அழுத்தத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே வந்துவிடும், ஒன்றும் செய்யாது. நான் இழுப்பது கீழேயே சிலிண்டரிலிருந்து வருகிற காற்று. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால் மேலே வரும்போது அது இரண்டு பங்காகும், நெஞ்சு கிழிந்துவிடும். அதனால் விடாமல் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் தலை முங்கியதும் என் நெஞ்சு தானாக அடைத்துக்கொண்டது, மாமா பழக்கிய பழக்கம். பிலிப்பைன்ஸ்காரர் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, தட்டித் தட்டி, மூச்சு விட வைத்தார்.

2017 நவம்பர் 30 முதல் நம் வீட்டில் யாரும் கடலைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. ஒக்கிப் புயல் அடித்து லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் கரையேறியவர்கள் ஒவ்வொருவராக வீடு வந்தபோது நீங்கள் குளச்சலுக்கும் தூத்தூருக்கும் அலைந்தது எனக்கு மறக்கவில்லை. மாமாவுக்குக் கல்லறை இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷமும் கடற்கரையில்தான் மெழுகுதிரி வைப்பீர்கள், காற்றில் நிற்காது, சிரட்டைக்குள் வையுங்கள். நான் அன்றைக்கு ரூவி கோயிலுக்குப் போவேன், கடியபட்டணம் கோயில் போலவே அதுவும் பேதுரு பவுல் பேரில்தான். அம்மா, நான் விளையாட்டுக்காக இறங்கவில்லை. மாமா எங்கேயோ கிடக்கிற அந்தத் தண்ணீருக்குள் எப்படி இருக்கும் என்று எட்டு வருஷமாக ராத்திரியில் எனக்கு ஒரு இருட்டுதான் தெரியும். ஆறு மீட்டரில் முதல் தடவை கண்ணைத் திறந்தபோது இருட்டே இல்லை. மேலிருந்து வெளிச்சம் கோயில் ஜன்னல் வழியாக விழுவது மாதிரி சரிந்து விழுந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை, மீன்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன். தங்கச்சியை விட்டு ஒரு வார்த்தை செய்தி அனுப்பச் சொல்லுங்கள், ஏழாம் தேதிக்கு முன்னால்.

சாயங்காலம் இங்கே கரையில் நின்றால் அலை சத்தம் நம் ஊர் மாதிரி இல்லை, மெல்லக் கையால் துடைக்கிற மாதிரி. லைட் ஹவுஸ் வெளிச்சம் சுற்றி வந்து நம் வீட்டுச் சுவரில் விழுந்து போகுமே, சில நாள் தூக்கத்தில் அதை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, லீவு சொல்லி வைத்திருக்கிறேன், பார்க்கலாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும், இங்கே கம்பெனியில் கணக்கு முடிக்கிற நேரம், வேறொன்றும் இல்லை. சீட்டுக்காரரிடம் பத்தாம் தேதி வரை பொறுக்கச் சொல்லுங்கள், பெரியம்மாவிடம் போய்க் கேட்க வேண்டாம்.

தங்கச்சி கல்யாணம் ஜனவரியில் என்று பையன் வீட்டார் சொல்வது நல்லதுதான். ஆனால் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் நகை எத்தனை பவுன் என்று ஒரே பேச்சாகப் பேசி முடித்துவிடுங்கள், அக்காவுக்கு நடந்த மாதிரி கடைசி வாரம் வந்து கேட்கக் கூடாது. தங்கச்சி, உனக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று நீ எழுதவே இல்லை. தனியாக எனக்கு எழுது.

அண்ணன் வள்ளத்தை விற்றுவிட்டு கொச்சிக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போவதாகச் சொன்னானாம். என்ஜின் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். விற்றால் என்ஜினைத் தனியாக விற்கச் சொல்லுங்கள், சேர்த்து விற்றால் பாதி விலைகூட வராது.

அப்பா, கண் புரையைத் தள்ளிப் போட வேண்டாம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பார்த்து நாள் வாங்கிவிடுங்கள், அண்ணன் கூட வரட்டும். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொல்கிற வரை கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கரைக்குப் போய் வலை இழுக்க நிற்கவே கூடாது. அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். நீங்களும் மாமாவும் மீன் பிடிக்கப் போன அந்தக் கடலடிக் கல், லைட் ஹவுஸையும் மலையையும் எதற்கு நேராகப் பிடித்துப் போவீர்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மாமா போன பிறகு அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். தங்கச்சியை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவள் எழுதி வைக்கட்டும். அண்ணனிடம் காட்ட மனமில்லை என்றால் காட்ட வேண்டாம், எனக்கு அனுப்புங்கள். கடல் ஓட்டம், நீவாடு, எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கும், எத்தனை பாகம், எல்லாம் வேண்டும். தங்கச்சி, பரணில் இருக்கிற பழைய நோட்டில் எழுதாதே, அதில் கரையான் இருக்கிறது, புது நோட்டு வாங்கு.

உங்கள் அன்பு மகன்,
சின்னவன்