வென்டிலேட்டரை எடுப்பது கொலையா? ஆயர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

போன ஞாயிறு எங்கள் கோவில் மறையுரையில் கேட்டது: "கருவைக் கலைப்பதும் வென்டிலேட்டரை எடுப்பதும் ஒரே கொலைதான்." போன வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையேதான் கேட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பதினோரு நாள் ஐ.சி.யு.வில் இருந்தார்கள். வயது 81. குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தது. ஐம்பது வருடம் ஜெபமாலை உருட்டிய கை. கட்டின இடத்தில் தோல் கன்றி நீலம் பாரித்துவிட்டது. காலையில் ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். நான் விரலைப் பிடித்தால், அம்மா என் விரலை அந்த முடிச்சுப் பக்கம் இழுப்பார்கள். அவிழ்த்துவிடச் சொல்லித்தான்.

ஆறாம் நாள் சிறுநீரகமும் போனபின், இனித் தேற வழியில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போவதானால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறோம் என்று டாக்டரே சொன்னார். குருவிடம் கேட்டோம். "அது கருணைக்கொலை, சாவான பாவம்" என்றார். அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. பதினோராம் நாள் விடியற்காலையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பக்கத்தில் யாரும் இல்லாமல் அம்மா போய்ச் சேர்ந்தார்கள்.

திருச்சபை அப்படிச் சொல்லவே இல்லை என்பது அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அசாதாரண சிகிச்சையை, அதாவது பெரும் சுமையாகிவிடும் சிகிச்சையை, தொடரும் கடமை இல்லை என்று 1957-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் சொல்லிவிட்டார். 1995 சுற்றுமடலில் இரண்டாம் யோவான் பவுல் கருணைக்கொலையைக் கடுமையாகக் கண்டித்த அதே இடத்தில், பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையைக் கைவிடுவது வேறு என்றும் பிரித்துச் சொன்னார். 2005-ல் அவரே கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பாமல் வத்திக்கானில் தம் அறையிலேயே கண்மூடினார்.

தேற வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை எடுக்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பத்திரிகைகள் இதற்கும் கருணைக்கொலை என்றே பெயர் போட்டன. ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கும் அதே சொல், குழாயை எடுத்து இயல்பான சாவுக்கு விடுவதற்கும் அதே சொல். பத்திரிகை குழப்பினால் போகட்டும். பீடத்தில் நிற்பவர்களும் குழப்பலாமா?

போதனையைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. கருவிலிருப்பதும் உயிர்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. நோயாளிக்குச் சோறும் தண்ணீரும் நிறுத்தக் கூடாது என்பதும் சரி. முழுதாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில், ஒரு அக்கா இருக்கிறார். இருபது வயதில் மாமியார் வீட்டு நெருக்கடியில் கருவைக் கலைத்தவர். முப்பது வருடமாகக் கடைசி வரிசையில் உட்காருகிறார், நற்கருணை வாங்குவதில்லை. அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகவே கொடுத்துவிட்டார். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கொலை என்பது மட்டும் வருடா வருடம் அவர் காதில் விழுகிறது. கோபுர நிதிக்கு அரை மணி நேரம் அறிவிப்பு வாசிக்கிறோம், இதற்கு ஐந்து நிமிடம் கிடையாதா? கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது 86. போன ஞாயிறு பூசை முடிந்து வீடு வரும் வரைக்கும் தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நடந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஆகவே தயவாகக் கேட்கிறேன். பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளுக்குள், எது கருணைக்கொலை, எது இல்லை என்று எளிய தமிழில் ஒரு சுற்றுமடல் எழுதி எல்லாப் பங்குகளிலும் வாசிக்கச் சொல்லுங்கள். ஐ.சி.யு. வாசலில் நிற்கும் குடும்பத்திடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் குருக்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
மறைமாவட்டத்து விசுவாசி ஒருத்தி