ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

எய்யா,

வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன், நான் சொல்வதெல்லாம் கோழி கொத்துகிற மாதிரி உன் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். ஒரே விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் டீச்சருக்கே பிழையா என்று சிரிக்காதே.

நேற்று போனில் சொன்னாயே, தொண்டு அமைப்பு மூலமாக நீ வழிகாட்டியாகப் போய்ப் பார்க்கிற பையனோடு நாலு ஞாயிறு போயாகிவிட்டது, அவன் "ம்", "தெரியல அண்ணா" தவிர எதுவும் பேசவில்லை, என்ன கேட்டாலும் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறான், விலகிக்கொள்ளலாமா என்று. அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் அதிகம் பேசவில்லை. அவர் "வேலைக்குப் போற பையனுக்கு ஞாயித்துக்கிழமையாவது ரெஸ்ட் வேண்டாமா" என்று ஆரம்பித்துவிடுவார்.

விலகுவதென்றால் இப்போதே விலகு. நிஜமாகத்தான் சொல்கிறேன், கோபமாக இல்லை. நானும் இதே வேலைக்குப் போகிறவள்தானே, வழிகாட்டிக்கும் பிள்ளைக்கும் இடையிலான இந்த மாதிரி உறவுகளைப் பற்றி அமெரிக்காவில் 2002-இல் வந்த ஓர் ஆய்வை எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்தவற்றில்தான் பிள்ளைகளுக்கு நல்ல பலன் அதிகம் இருந்ததாம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் இருந்த மதிப்பே முன்பிருந்ததைவிடக் குறைந்துபோயிருந்ததாம். அதாவது நாம் போகாமலே இருந்திருந்தால் அவர்களுக்கு நல்லது. எனக்கு இதற்கு ஆய்வே வேண்டாம். தாராவியில் இப்போது நான் பார்க்கிற பிள்ளை முதல் நாள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எத்தன மாசம் மிஸ்?" காலேஜ் பிராஜெக்ட் என்று வந்து, போட்டோ எடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன அக்காமார்களை அவள் அதற்குள் மூன்று பேர் பார்த்திருந்தாள். அவளுக்கு நான் நாலாவது ஆள், அவ்வளவுதான்.

உன் பையனும் எண்ணிக்கொண்டிருப்பான். வாயைத் திறந்து கேட்க மாட்டான். பதினைந்து வயதில் எவன் கேட்பான்?

அப்புறம் இன்னொன்று. நீ போய் அவனுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு "ஸ்கூல் எப்படிப் போகுது, வீட்ல எல்லாம் ஓகேவா" என்று கேட்கிறாயாமே. அது இன்டர்வியூ எய்யா. நீ ஆபீஸில் ஆள் எடுக்கிற மாதிரியே இங்கேயும் செய்தால் அவன் "ம்" என்றுதான் சொல்வான். எங்களை நோட்டீஸில் வழிகாட்டிகள் என்று போடுகிறார்கள், பிள்ளைகள் என்னை ஞாயித்துக்கிழமை மிஸ் என்கிறார்கள். அந்தப் பெயர்தான் சரி. முதல் மூன்று மாதம் நான் செய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றதுதான். அவள் வீடு லேபர் கேம்ப் பக்கம், பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு மச்சு, ஆறு பேர். அங்கே பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். அதனால் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு மாஹிம் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டின இடம் அது, நம்ப முடியாது, இப்போது காடு மாதிரி இருக்கிறது. நடப்போம். பட்டாம்பூச்சி பார்ப்போம். டிவியில் ஓடுகிற சீரியலில் யார் கெட்டவள் என்று அவள் எனக்கு விளக்குவாள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பார், அப்போதுதான் இந்த வயசுக்குப் பேச்சு வருகிறது. உனக்குப் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரை இருக்கிறது. கேரம் போர்டு இருந்தாலும் சரி. கைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஓர் இடம் கொடு.

அவள் முதன்முதலில் பேசின விஷயம் என்ன தெரியுமா? தூக்கம். மனசு, கவலை எல்லாம் அப்புறம். அவள் அம்மா இட்லி போடுகிறவள். காலையில் மும்பையில் சைக்கிளில் போகிற இட்லியில் நிறைய தாராவியில் வெந்ததுதான் என்று உனக்குத் தெரியும். மூன்று மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தால் அந்த அறையில் யார் தூங்க முடியும்? இவளுக்கு இரவு பதினொன்றரைக்கு முன்னால் தூக்கம் வருவதில்லை. அது திமிரும் இல்லை, போனும் மட்டும் இல்லை. இந்த வயசில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, ஆனால் தேவையோ எட்டிலிருந்து பத்து மணி நேரம். மூன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வகுப்பில் எரிந்து விழுந்தால் டீச்சர் என்ன சொல்வார்? அடங்காப்பிடாரி என்பார். முப்பத்தோரு வருடம் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். நான் போய் அவள் அம்மாவிடம் கெஞ்சி, வாரத்தில் நாலு ராத்திரி சித்தி வீட்டில் படுக்க ஏற்பாடு செய்தேன். வேறெந்த அறிவுரையும் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

இப்போது, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

இவளுக்கு முன்னால், 2019-இல், இன்னொரு பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. பேர் உனக்கும் சொல்ல மாட்டேன். ஏழு மாதம் பழகின பிறகு ஒரு நாள், டியூஷனில் ஒரு பையன் இருக்கிறான், ராத்திரி மெசேஜ் பண்ணுகிறான், எனக்கும் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். வேறொன்றும் இல்லை. "யார்ட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில் 90 அடி சாலையில் காய்கறி வண்டிப் பக்கம் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எனக்குள் இருந்த டீச்சர் வாயைத் திறந்துவிட்டாள். "கொஞ்சம் பாத்துக்கோங்க, வயசுப் பிள்ளை" என்று மட்டும்தான் சொன்னேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரியே போன் உடைந்தது. அடி விழுந்தது. மூன்று வாரம் பள்ளிக்கூடம் இல்லை. அப்புறம் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்பை மும்பையில் அவள் எழுதவே இல்லை. இரண்டு பொங்கல் கழித்து வந்திருந்தபோது தெருவில் பார்த்தேன். திட்டுவாள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். "நல்லா இருக்கீங்களா மிஸ்" என்று கேட்டாள், அவ்வளவு மரியாதையாக. யாரோ ஒரு பெரியவரிடம் கேட்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்பாவிடம் அசிடிட்டி என்றேன்.

அதற்குப் பிறகு யாரிடமும் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்: நீ சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, உன்னை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, நீ வேறு யாரையாவது காயப்படுத்தப் போகிறாய் என்றாலோ நான் இன்னொரு பெரியவரிடம் சொல்வேன், சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். நீயும் வருகிற ஞாயிறே இதைச் சொல்லிவிடு. சொல்ல ஒரு மாதிரி இருக்கும், சொல்லிவிடு. காதல், சிகரெட் ஒரு இழுப்பு, மார்க்‌ஷீட்டை மறைத்தது, அம்மாவைப் பிடிக்கவில்லை, இதெல்லாம் உன்னோடு இருக்கட்டும். பயமாக இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் பேசு, பையன் வீட்டில் பேசாதே.

மூடி வைக்கக் கூடாததும் வரும். இப்போது நான் பார்க்கிற பிள்ளைக்குப் போன மே மாதம் வந்தது. அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை. இரண்டு மூன்று வாரமாக வயிற்றுவலி, தலைவலி. சீரியல் பேச்சு நின்றுவிட்டது. சோகமாக இருந்தாள் என்று நினைக்காதே, எதைச் சொன்னாலும் கோபம். இந்த வயசில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சல் வேஷத்தில்தான் வருகிறது, அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று காத்திருந்தால் தவறவிட்டுவிடுவோம். நடந்துகொண்டே கேட்டேன், சுற்றி வளைக்காமல்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, அது எனக்குப் பயிற்சியில் சொல்லித் தெரியும், ஆனாலும் கேட்கும்போது என் கால் நடுங்கியது. அவள் நின்றுவிட்டாள். "சில நேரம் மிஸ்" என்றாள். நான் "ஐயோ அப்படிச் சொல்லாதே, அம்மாவ நினைச்சுப் பாரு" என்று சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எப்போதிருந்து, எப்படிச் செய்துகொள்ளலாம் என்று யோசித்திருக்கிறாயா, இன்றைக்கு ராத்திரி தனியாக இருப்பாயா என்று கேட்டேன். பிறகு, இதை நான் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும், நீயும் கூட இரு, எந்த வார்த்தையில் சொல்லலாம் என்று நீயே சொல் என்றேன். அன்றைக்கு ராத்திரி அவள் கூடவே ஆள் இருக்க ஏற்பாடு செய்துவிட்டு, மறுநாளே சயான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேஸ் பேப்பர் போட்டோம். அவள் அம்மா முதலில் "என் பிள்ள என்ன பைத்தியமா" என்றாள், அப்புறம் கோயிலில் மந்திரித்தால் போதும் என்றாள். நான் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போங்க, டாக்டர் சொன்ன நாளுக்கு ஆஸ்பத்திரிக்கும் வாங்க என்றேன். இரண்டுக்கும் போனார்கள்.

உன் போனில் 14416 என்ற எண்ணைப் பதிந்து வை. டெலி-மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022-இல் அரசு தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அதை ஒருங்கிணைக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உன் ஊரில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-உம் இருக்கட்டும். பாலியல் தொந்தரவு என்று ஒரு வார்த்தை வந்தால் நீயே துப்பறியாதே, திரும்பத் திரும்பக் கேட்காதே. அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதிவைத்துக்கொண்டு அன்றைக்கே அமைப்பில் சொல். 2012-இன் போக்சோ சட்டப்படி தெரிந்தும் போலீசில் புகார் போகாமல் இருப்பதே குற்றம். அவனை உன் வீட்டுக்குத் தனியாகக் கூட்டிப் போகாதே. ரீசார்ஜ், ஷூ, பணம் எதுவும் கொடுக்காதே. உன் மனசு இளகும், எனக்குத் தெரியும், இருந்தாலும் கொடுக்காதே.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். நான் ஹார்லிக்ஸ் கலந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு டீச்சர். என்ன நடந்தது என்று இன்றைக்கும் உன்னிடம் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை இப்போதும். தோன்றினால் ஒரு நாள் நடந்துகொண்டே சொல்.

சரி, தீபாவளிக்கு உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டாய் இல்லையா. அந்த ஞாயிறு வர மாட்டாய் என்று அவனிடம் இந்த வாரமே சொல்லிவிடு, எந்த ஞாயிறு திரும்பி வருவாய் என்பதையும் தேதியோடு சொல். வரும்போது எனக்குக் காபிப்பொடி அரைக் கிலோ, சிக்கரி இல்லாதது.

அம்மா