ஓட்டுச் சீட்டுல கீழ இருக்கற பேரையும் படிடி

என்னடி எப்படி இருக்க, ஜார்ஜியால உங்க அகஸ்டால குளிர் ஆரம்பிச்சிடுச்சா? அக்டோபர்ல நீ போன் பண்ணப்பல்லாம் நான் சரியாவே பேசல, கோவிச்சுக்காத. சனி ஞாயிறு ஆனா வீட்லயே இருக்க மாட்டேன், இங்க வர்ஜீனியால நார்ஃபோக்ல எங்க டிஸ்ட்ரிக்ட்ல ஸ்டேட் ஹவுஸுக்கு, அதாவது மாநில சட்டசபைக்கு நின்ன ஒரு அம்மாவுக்காக வீடு வீடா போய் கதவ தட்டிக்கிட்டு இருந்தேன். சிட்டிசன்ஷிப் வந்தப்புறம் நான் போட்ட முதல் ஓட்டுடி இது. போட்டுட்டு வந்து கார்ல உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன், உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். அவங்க ஜெயிச்சுட்டாங்க.

பிரசிடென்ட் எலக்ஷன் கூட இல்லாத வருஷத்துல ஏன் இதுல இவ்வளவு இறங்கினேன்னு நீ கேப்ப. கிளைமேட்டுக்காகத்தான்டி. 2017ல எங்களுக்கு பக்கத்துல இருக்கற நியூபோர்ட் நியூஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா? ஸ்டேட் ஹவுஸ் சீட் ஒண்ணுக்கு ரெண்டு பேருக்கும் சரியா 11,608 ஓட்டு. டை ஆயிடுச்சு. கடைசில ஒரு கிண்ணத்துல ரெண்டு பேர் பேரையும் எழுதிப் போட்டு சீட்டு எடுத்துதான் முடிவு பண்ணாங்க, அந்த ஒரு சீட்டால மொத்த சபையும் 51க்கு 49ன்னு ஒரு கட்சி பக்கம் நின்னுச்சு. யாரோ ஒருத்தர் அன்னைக்கு வேலை முடிஞ்சு வர்ற வழியில ஓட்டு போட்டிருந்தா கதையே வேறடி. 2019 எலக்ஷன்ல சபை இன்னொரு கட்சி கைக்கு போச்சு, 2020லயே கிளீன் எகானமி ஆக்ட் வந்துடுச்சு, இங்க பெரிய கரண்ட் கம்பெனி 2045க்குள்ள கார்பன் இல்லாத கரண்ட்டுக்கு மாறணும்னு சட்டம். மினசோட்டாவும் அப்படித்தான், 2022 எலக்ஷன்ல ஸ்டேட் செனட் 34க்கு 33, ஒரே ஒரு சீட்டு வித்தியாசம், 2023 பிப்ரவரியிலயே 2040க்குள்ள நூறு சதவீதம் கார்பன் இல்லாத கரண்ட்னு சட்டத்துல கையெழுத்து ஆயிடுச்சு.

வாஷிங்டன நம்பி இப்ப ஒண்ணும் ஆகாதுடி. வீட்டு மேல சோலார் போட்டா கிடைச்ச 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, அந்த வருஷம் ஜூலைல போட்ட சட்டத்துல எடுத்துட்டாங்க. ஆனா கரண்ட் எதுல இருந்து வரணும், வீடு எப்படி கட்டணும், வெள்ளத்துக்கு யார் காசு ஒதுக்கணும் இதுல நிறைய ஸ்டேட் கையிலதான இருக்கு.

ஒரு வீட்டு கதைய சொல்றேன் கேளு. ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், கதவ திறந்ததும் கிளைமேட் அரசியல் எல்லாம் எனக்கு வேணாம்மான்னுட்டார். நான் சரிங்க சார்னு சொல்லிட்டு, உங்க தெருவுல ஹை டைட் அன்னிக்கு தண்ணி வருமான்னு மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், என்னை கராஜுக்கே கூட்டிட்டுப் போய் சுவத்துல தண்ணி நின்ன கோட்ட காட்டினார். மழையே இல்லாத நாள்லயும் இங்க தெருவுல தண்ணி ஏறும்டி, கடல் மட்டம் ஏறுது, நிலமும் அமுங்குது. அப்பதான் ரெஜ்ஜி பத்தி சொன்னேன், கிழக்கு பக்க மாநிலங்கள் சேந்து நடத்தற கார்பன் ஏலம், புகை விடற பவர் பிளான்ட் காசு கட்டணும், எங்க ஸ்டேட்ல அந்த காசுல 45 சதவீதம் வெள்ளத் தடுப்புக்கு, 50 சதவீதம் வசதி இல்லாதவங்க வீட்ட கரண்ட் வீணாகாம சரி பண்ணன்னு சட்டத்துலயே எழுதி வச்சாங்க. 2021ல சேந்தோம், கவர்னர் மாறினதுக்கு அப்புறம் 2023 கடைசில வெளிய வந்துட்டோம். இத கேட்டு அவர் ரொம்ப நேரம் பேசாம நின்னார். ஓட்டு யாருக்கு போட்டாரோ தெரியாது, நான் கேக்கவும் இல்ல.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். நீ சிட்டிசன் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, பிரசிடென்ட்டுக்கு மட்டும் போட்டுட்டு மத்தத காலியா விட்டுட்டு வந்தேன்னு நீயே சொன்ன, அன்னைக்கே எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. ஹெலீன் புயலப்ப கரண்ட் இல்லாம குழந்தைய வச்சுக்கிட்டு நீ அழுதது இன்னும் என் காதுல இருக்கு. உங்க பக்கத்துல இருக்கற வோக்டில் அணு உலை ரெண்டும் முடியறதுக்குள்ள 30 பில்லியன் டாலருக்கு மேல ஆயிடுச்சு, புகை இல்லாத கரண்ட்தான், நான் குறை சொல்லல, ஆனா அதுல எவ்வளவு உன் பில்லுல ஏறணும்னு முடிவு பண்றது பப்ளிக் சர்வீஸ் கமிஷன்ல அஞ்சு பேரு. அந்த அஞ்சு பேரும் நீங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறவங்கடி! 2025 நவம்பர்ல அதுல ரெண்டு சீட்டு கட்சி மாறுச்சு, நீ கவனிச்சியா?

2026 நவம்பர்ல உங்க ஸ்டேட் ஹவுஸ் 180 சீட்டும் செனட் 56 சீட்டும் மொத்தமா எலக்ஷனுக்கு வருது. ஒரு ஹவுஸ் சீட்டுக்கு சுமாரா 60,000 பேர்தான், அங்க நிக்கறவங்களுக்கு நீ 25 டாலர் குடுத்தா அது தெரியும், ஒரு சனிக்கிழமை அவங்களுக்காக வீடு வீடா நடந்தா அதுவும் தெரியும். கட்சி பேர மட்டும் பாத்து போடாத, நிக்கறவங்க ஏற்கனவே சபைல இருந்தவங்கன்னா எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டு போட்டாங்கன்னு பாரு, புதுசா நிக்கறவங்கன்னா நேர்லயே கேளு, ஜெயிச்சா சபைல எந்த கமிட்டிக்கு போக ஆசைப்படறீங்கன்னு. எனர்ஜி கமிட்டின்னு டக்குனு சொல்றவங்க வீட்டுப்பாடம் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். உன் தம்பிக்கு கிரீன் கார்டு தான, ஓட்டு போட முடியாது, ஆனா பிரச்சாரத்துக்கு காசு குடுக்கலாம், வேலையும் செய்யலாம். சிட்டிசனும் இல்லாம கிரீன் கார்டும் இல்லாதவங்க யார்கிட்டயும் மட்டும் அஞ்சு டாலர் கூட வாங்கிடாத, சட்டப்படி தப்பு.

மார்ச்ல ஸ்பிரிங் பிரேக்குக்கு குழந்தைகளோட அங்க வரேன். அப்ப உன் டிஸ்ட்ரிக்ட்ல யார் யார் நிக்கறாங்கன்னு பேர் தெரிஞ்சிருக்கும், ரெண்டு பேரும் உக்காந்து படிப்போம். அம்மா முட்டி வலி எப்படி இருக்கு, நான் கேட்டேன்னு சொல்லு.